அணைக்கட்டில் மீன் எப்படி ஏறும்? கெடிலக் கரையில் கேட்ட கேள்விகள்

ஐப்பசி மழையில் கடலூர் பக்கத்துக் கெடிலம் ஆற்றில் புதுத் தண்ணி வந்துவிட்டால் திருவந்திபுரம் அணைக்கட்டுக்குக் கீழே ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிடும். பாதிப் பேர் வலையோடு வருவார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்க்க. "மீன் ஏறுது, மீன் ஏறுது" என்று சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தால் தெரியும், முக்கால்வாசி மீன் ஏறுவதில்லை. எம்புகிறது, சுவரில் முட்டுகிறது, விழுகிறது, மறுபடி எம்புகிறது. அங்கே நின்றபடி மீன் ஏணியைப் பற்றி ஒருவரிடம் சொல்லப்போய், வருஷா வருஷம் கேள்விகள் கூடிக்கொண்டே வந்தன. அடிக்கடி வந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மீன் ஏணி என்றால் நிஜமாகவே ஏணியா?

இல்லை. அணையின் ஒரு ஓரத்தில், மேல் தண்ணீரையும் கீழ்த் தண்ணீரையும் இணைக்கிற ஒரு சரிவான வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் உயரத்தை ஒரே தாவில் தாண்டச் சொல்லாமல், சின்னச் சின்னப் படியாகப் பிரித்துக் கொடுப்பதுதான் வேலை.

வகைகள் பல. வரிசையாகத் தொட்டி கட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் வழியவிடுவது பழைய முறை. தொட்டிகளுக்கு நடுவே உள்ள சுவரில் மேலிருந்து தரை வரை ஒரு இடுக்கு விடுவது இன்னொரு முறை. இதில் மேல்மட்டத்தில் நீந்துகிற மீனும், தரையை ஒட்டிப் போகிற மீனும் அதனதன் ஆழத்திலேயே போகலாம். பெல்ஜியத்தின் டெனில் என்ற பொறியாளர் 1900களின் தொடக்கத்தில் ஒரு வகை கண்டுபிடித்தார். சரிவு அதிகமான வாய்க்காலின் பக்கங்களில் தடுப்புத் தகடுகளை வரிசையாக வைத்துத் தண்ணீரின் வேகத்தைக் குறைப்பது அது. அப்புறம், கல்லும் மண்ணும் போட்டு அணையைச் சுற்றி ஓடை மாதிரி வெட்டுவது. எனக்குப் பிடித்தது கடைசியில் சொன்னதுதான், ஏனென்று போகப் போகத் தெரியும்.

மீன் எதுக்குங்க மேல போகணும்? கீழயே இருந்தா என்ன?

ஒரு பெரியவர் கேட்டது. நியாயமான கேள்வி.

சில மீன்கள் முட்டை போடப் போகின்றன. வாளை, கெண்டை வகைகள், கெளுத்தி எல்லாம் மழைத் தண்ணீர் புதிதாகப் பரவிய ஆழமில்லாத இடம் தேடி ஏறும். உல்லம் கடலில் வளர்ந்து, ஆற்றின் நல்ல தண்ணீரில் முட்டையிட வரும். சிலவற்றுக்கு இது தலைகீழ். விலாங்கு கடலில் பிறந்து, ஆற்றிலும் ஏரியிலும் பல வருஷம் வளர்ந்து, கடைசியில் முட்டை போட மறுபடி கடலுக்குப் போகும். கொடுவாவும் மடவையும் உப்புத் தண்ணீரில் பிறந்தவை, தீனிக்கும் பாதுகாப்புக்கும் குஞ்சிலேயே ஆற்றுக்குள் நுழைகின்றன.

இந்த இரண்டாவது கூட்டத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடலூர் மாதிரி முகத்துவாரத்துக்குப் பக்கத்து ஊரில் அணையின் அடியில் வந்து முட்டுவதில் பெரும்பகுதி குஞ்சுதான், தாய்மீன் இல்லை.

ஒரு மீன் எவ்வளவு வேகமாக நீந்தும்?

மூன்று வேகம் உண்டு. மணிக்கணக்கில் களைக்காமல் போகிற வேகம் ஒன்று. சில நிமிடங்களுக்குத் தாங்குகிற வேகம் ஒன்று. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்கிற வேகம் ஒன்று, இது சில நொடிதான். முதலாவதுக்குச் சிவப்புச் சதை, கடைசிக்கு வெள்ளைச் சதை. சூரை மீனை வெட்டிப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓயாமல் நீந்துகிற அந்த மீனுக்குச் சிவப்புச் சதை எவ்வளவு! விராலை வெட்டினால் ஏறக்குறைய முழுக்க வெள்ளை. பதுங்கியிருந்து பாய்கிற மீன் அது.

பாயும் வேகத்துக்கு ஒரு குத்துமதிப்பான கணக்கு உண்டு. நொடிக்குத் தன் உடம்பைப் போலப் பத்து மடங்கு தூரம். பத்து சென்டிமீட்டர் கெண்டை என்றால் நொடிக்கு ஒரு மீட்டர்.

இனி தண்ணீர் பக்கம் வாருங்கள். ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் 30 செ.மீ. உயர வித்தியாசம் இருந்தால், நடுவில் பாய்கிற தண்ணீரின் வேகம் நொடிக்குச் சுமார் 2.4 மீட்டர். 10 செ.மீ. என்றால் 1.4 மீட்டர். 5 செ.மீ. என்றால் ஒரு மீட்டர். ஆக, அந்தக் கெண்டைக்கு 5 செ.மீ. படியே திண்டாட்டம். மீன் ஏணியின் மொத்த சாமர்த்தியமும் இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. கட்டுகிறவர் முதலில் கேட்க வேண்டியது படி எவ்வளவு உயரம் என்பது. கான்கிரீட் தரமெல்லாம் அப்புறம்.

வெளிநாட்டில் சால்மன் ஏறுகிற படியை அப்படியே இங்கே கட்டினால் என்ன?

சால்மன் முக்கால் மீட்டர் நீளமுள்ள, வளர்ந்த, சதைப்பிடிப்பான மீன். தாவுகிற பழக்கம் உள்ளது. அதற்கு 30 செ.மீ. படி ஒன்றுமே இல்லை. இரண்டு மீட்டர் அணைக்கு ஏழு தொட்டி கட்டினால் வேலை முடிந்தது. அதே அணையில் 10 செ.மீ. படி என்றால் இருபது தொட்டி, 5 செ.மீ. என்றால் நாற்பது. தொட்டிக்கு இரண்டு மீட்டர் நீளம் வைத்தால், 14 மீட்டரில் முடிகிற வேலை 80 மீட்டர் ஆகிறது. செலவு கூடுவதால் ஆள்கள் குறுக்கு வழி தேடுவார்கள். ஏணி இருக்கும், மீன் இருக்காது.

ஆஸ்திரேலியர்கள் இதில் சூடு பட்டவர்கள். சால்மனுக்கான ஐரோப்பிய அளவை வைத்துத் தங்கள் ஆறுகளில் கட்டினார்கள், அங்கத்து மீன் ஏறவில்லை. ராக்ஹாம்ப்டன் ஊரில் ஃபிட்ஸ்ராய் ஆற்றுத் தடுப்பணையில் பழைய தொட்டி ஏணியை 1994-இல் இடுக்கு வகைக்கு மாற்றினார்கள். அதன் பிறகு பல இன மீன்கள் ஏறின, நம் கொடுவாவும் அதில் ஒன்று. ஆம், அங்கே பாரமுண்டி என்று பெரிய பெயரில் விற்பது நம் கொடுவாவேதான். கடலூர் துறைமுகத்தில் கூடையில் கிடப்பதும் அதே இனம்.

அப்படியானால் கொடுவா இங்கேயும் ஏறும்தானே?

பெரியது ஏறும். ஆனால் ஆற்றுக்குள் வர வேண்டியது விரல் நீளக் குஞ்சு. கொடுவா முகத்துவாரத்தின் உப்புத் தண்ணீரில் முட்டையிடும். குஞ்சு ஆற்றுப் பக்கம் ஒதுங்கி வளரும். முதலில் ஆணாக முதிர்ந்து, பிறகு பெரிதானதும் பெண்ணாக மாறுகிற அபூர்வ மீன் இது. அதனால் ஏணியைக் கொடுவாவுக்கு என்று கட்டினாலும் படியை அரை முழ மீனுக்கு வைக்கக் கூடாது, விரலுக்கு வைக்க வேண்டும்.

மடவை வேறு ரகம். கூட்டமாக வரும், பகலில் வரும், வலையைத் தாண்டியே துள்ளும். தாழங்குடாவில் வலை இழுத்தவர்களைக் கேளுங்கள், ஆளின் தோள் உயரத்துக்குத் துள்ளிய கதை சொல்வார்கள். ஆனாலும் துள்ளுவதை நம்பி ஏணி கட்டக் கூடாது. தப்பிக்கத் துள்ளுவது வேறு, இடம் பார்த்து மேலே தாவுவது வேறு.

விலாங்கு?

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று நாம் திட்டுகிற அந்த மீன், ஏறுவதிலும் அப்படித்தான். நீந்தச் சொன்னால் படு மோசம். கடலிலிருந்து வரும்போது அதன் குஞ்சு கண்ணாடிபோல் இருக்கும், ஐந்து செ.மீ. சுமார். நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிற தண்ணீரே அதற்கு மலை. தொட்டி ஏணியில் அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆனால் ஊரச் சொல்லுங்கள்! ஈரம் இருந்தால் போதும், பாசி பிடித்த சுவரில், கல் இடுக்கில் ராத்திரியோடு ராத்திரியாக ஏறிவிடும். அதனால் விலாங்குக்கு என்று தனி வழி செய்கிறார்கள். சரிவான ஒரு பலகை, அதில் பிரஷ் மாதிரி முடி நட்டிருக்கும், மேலே இருந்து மெல்லிய தண்ணீர் கசியும். குஞ்சு முடிகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து போகும். பெரிய மீன் ஏறவே முடியாத வழி, பெரிய செலவும் இல்லை.

உளுவையும் இறாலும் கூட ஏறுமா?

ஏறும். உளுவையின் அடிவயிற்றுத் துடுப்பு இரண்டும் ஒட்டிச் சேர்ந்து, உறிஞ்சிப் பிடிக்கிற கிண்ணம் மாதிரி இருக்கும். ஹவாய் தீவில் அதன் உறவு மீன் ஒன்று 100 மீட்டருக்கும் மேலான அருவியைப் பாறையோடு ஒட்டி ஒட்டியே ஏறிவிடுகிறது. நம் உளுவைகளை அந்த அளவுக்குப் புகழ முடியாது, ஆனாலும் வேகமான தண்ணீரில் தரையைப் பிடித்து நின்று மூச்சு வாங்கத் தெரிந்தவை. அடியில் கல் பதித்த வாய்க்கால் என்றால் கல்லுக்குக் கல் தாவிப் போய்விடும். வழுவழு கான்கிரீட் தரைதான் அவற்றுக்கு எதிரி.

ஆற்று இறாலின் முட்டை பொரிந்து வருகிற குஞ்சுக்கு உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் கூட்டமாக ஆற்றின் ஓரத்தைப் பிடித்து மேலே வரும். கொள்ளிடத்துக் கீழணைக்குக் கீழே இந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம். இவையும் நீந்துவதை விட நடப்பதில் கெட்டி.

உல்லம் ஏன் இப்போது ஆற்றில் இல்லை?

இதற்குக் கொஞ்சம் பழங்கதை பேச வேண்டும். ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தில் மேலணையையும் கீழணையையும் கட்டினார். அணைக்கரையில் நிற்கிற அந்தக் கீழணையிலிருந்துதான் வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் வருகிறது. நம் மாவட்டத்துக்கு அது சோறு. உல்லத்துக்கு அது சுவர். இந்திய நன்னீர் மீன்களைப் பற்றி 1873-இல் அரசுக்கு அறிக்கை எழுதிய பிரான்சிஸ் டே, இந்த மாதிரி அணைக்கட்டுகள் ஏறு மீன்களை மறிப்பதை அப்போதே சொல்லிவிட்டார். பிறகு 1934-இல் மேட்டூர் அணை வந்து, ஆற்று வெள்ளத்தின் அளவையும் நேரத்தையுமே மாற்றியது. வடக்கே கங்கையில் 1975-இல் ஃபராக்கா தடுப்பணை வந்த பிறகு அலகாபாத் வரை போன உல்லம் மேலே அருகிப்போனது.

அணையில் ஏணி வைத்தாலும் உல்லத்தைச் சமாதானப்படுத்துவது கஷ்டம். நீந்துவதில் அது சூரன்தான், ஆனால் பெரிய கூட்டமாகப் போகிற, மிரளுகிற மீன். தாவாது. அடியில் உள்ள துளை வழியாகவோ, இருட்டுக் குழாய் வழியாகவோ போகப் பிடிக்காது. குறுகிய திருப்பத்தில், சுழலில் மாட்டினால் கூட்டமே குழம்பி நின்றுவிடும். அமெரிக்காவில் அதன் ஒன்றுவிட்ட உறவான ஷாட் மீனிடம் இதே குணத்தைப் பார்த்துவிட்டு, சஸ்குவெஹானா ஆற்றின் கானோவிங்கோ அணையில் தொட்டியில் ஏற்றி லிஃப்டில் தூக்கிவிடும் ஏற்பாடே செய்தார்கள். உல்லத்துக்கு வேண்டியது அகலமான, வெளிச்சமான, மேல்மட்டத்தில் ஓட்டம் உள்ள வழி. விலாங்குக்கு வேண்டியதற்கு நேர் எதிர். எல்லா மீனுக்கும் ஒரே ஏணி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பனையேறிக் கெண்டை பனை மரமே ஏறுமாமே, அதுக்கு எதுக்கு ஏணி?

இந்தக் கதையின் ஊர் நமக்குப் பக்கம்தான். டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற படை அதிகாரி, குளத்தோரப் பனையில் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாகச் சொன்னது 1797-இல் லண்டனில் அச்சானது. மரத்தில் கண்ட மீனைக் காக்கையோ பருந்தோ போட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். நான் காக்கை கட்சி.

ஆனால் மழை ராத்திரியில் ஈரப் புல்லின் மேல் செவுள் மூடியின் முள்ளை ஊன்றி ஊன்றி அது நகர்வது உண்மை. காற்றைச் சுவாசிக்க அதற்குத் தனி உறுப்பு உண்டு, விராலுக்கும் அப்படித்தான். வரப்பையும் ஏரிக் கலிங்கலையும் தாண்டிவிடும். செங்குத்தான கான்கிரீட் சுவர் என்றால் இவையும் அம்போதான்.

கெண்டை, கெளுத்தி, வாளை எல்லாம் எந்த வழியில் போகும்?

சின்னக் கெண்டைகள் ஓரத்தைப் பிடித்து, மெதுவான தண்ணீரில் தங்கித் தங்கிப் போகும். கெளுத்தி தரையை ஒட்டி, ராத்திரியில், மீசையால் தடவிக்கொண்டு. வாளை பெரிய உடம்பு, ஆழம் வேண்டும். முதுகு வெளியே தெரிகிற தொட்டிக்குள் நுழையாது. தரை வரை திறந்த இடுக்கு வகை இந்த மூன்றையும் ஓரளவு ஏற்கும். வெள்ளை நுரை மட்டும் இருக்கக் கூடாது. நுரையில் வாலுக்குப் பிடிமானம் கிடைக்காது, நாம் சேற்றில் ஓடுகிற மாதிரி ஆகிவிடும்.

ஏணி கட்டியும் மீன் வரவில்லை என்றால்?

முதலில் வாசலைப் பாருங்கள். மீன் ஓட்டத்தை எதிர்த்து நீந்தும், அது போகிற வரைக்கும் போய் அணையின் அடியில் முட்டும். ஏணியின் கீழ்வாசல் அங்கேயே இருக்க வேண்டும். சரிவு நீளமாக இருக்கிறதே என்று வாசலை ஐம்பது மீட்டர் கீழே கொண்டுபோய் வைத்தால், மீன் அதைத் தாண்டிப் போய் மேலே முட்டிக்கொண்டே இருக்கும். கல்யாண மண்டபத்துக்குப் பின்பக்கம் வாசல் வைத்துவிட்டு விருந்தாளி வரவில்லை என்று அழுத கதை. நீளம் வேண்டுமென்றால் வாய்க்காலை மடித்துத் திருப்பிக் கொண்டுவந்து வாசலை அடியில் வைக்கலாம். வாசலில் வருகிற ஓட்டம் மீனுக்குத் தெரிகிற அளவுக்கும் இருக்க வேண்டும். பக்கத்து மதகில் தண்ணீர் இரைந்து கொட்டும்போது ஏணியின் சின்ன ஓட்டத்தை யார் கவனிப்பார்?

வெள்ளம் வந்தால் தானாகவே ஏறிவிடாதா?

குட்டையான அணைக்கட்டுகளில் ஏறும். கீழ்த் தண்ணீர் உயர்ந்து அணை முங்கிவிட்டால் அப்போது சுவரே இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.6 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தபோது தென்பெண்ணையில் எது கரை, எது ஆறு என்றே தெரியவில்லை. ஆனால் அந்த வேகத்தில் விரல் நீளக் குஞ்சு ஏறாது, கடலுக்கே போகும். மீனுக்கு உதவுவது இந்த வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் வருகிற நடுத்தர நாட்கள். அப்போது அணை முங்குவதில்லை.

விவசாயத்துக்குத் தண்ணி குறையாதா?

கணக்குப் போடலாம். 20 செ.மீ. அகல இடுக்கு, 60 செ.மீ. ஆழம், 10 செ.மீ. படி. நொடிக்குச் சுமார் 110 லிட்டர் போகும், ஏறக்குறைய 4 கனஅடி. அணை வழிகிற மழை மாதங்களில் இது கண்ணுக்கே தெரியாது. கோடையில் ஒரு பலகை போட்டு அடைத்துவிடலாம், ஏறுகிற மீனும் அப்போது குறைவு. கோடையில் பல முகத்துவாரங்களை மணல் அடைத்துக்கொள்ளும், கடல் குஞ்சு உள்ளே வரவே வழி இருக்காது.

ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்ளாதா?

அடைத்துக்கொள்ளும். இடுக்கு வகையின் பெரிய பலவீனம் இதுதான். ஆகாயத்தாமரை, கருவேலங்கிளை, பாலித்தீன் பை, கோயில் மாலை எல்லாம் வந்து சொருகும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஒருவர் இறங்கி எடுக்காவிட்டால் ஏணி வெறும் தொட்டி. ஓடை மாதிரி வெட்டிய வழியில் இந்தத் தொல்லை குறைவு. இருபது அடிக்கு ஒரு அடி, இடம் இருந்தால் முப்பது அடிக்கு ஒரு அடி சரிவில் கல் அடுக்கி விட்டால் குப்பை பெரும்பாலும் மேலே மிதந்து போய்விடும். நடுவில் வேகமான தண்ணீர், ஓரத்தில் மெதுவான தண்ணீர், கல்லுக்குப் பின்னால் மூச்சு வாங்க இடம். பெரியது, சின்னது, ஊர்வது எல்லாம் தனக்கு வேண்டிய பாதையைத் தானே பார்த்துக்கொள்ளும். எனக்கு இது பிடித்ததன் காரணம் அதுதான். நிலம் நிறைய வேண்டும் என்பது மட்டும் குறை.

ஏணி வாயில பறி வச்சா ஒரே ராத்திரியில கூடை நிறைஞ்சிடுமே, தம்பி?

நிறையும், அண்ணே. மொத்த மீனும் ஒரே வழியில் வருகிற இடம் அது. அதனால்தான் ஏணி கட்டுகிற இடங்களில் மேலும் கீழும் குறிப்பிட்ட தூரத்துக்கு மீன்பிடிக்கத் தடை வைப்பார்கள். 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்பிடிச் சட்டமே வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன்பிடிக்கத் தடை போட்டதோடு, ஆற்றில் நிலையாக வைக்கிற பொறிகளையும் தடுப்புகளையும் கட்டுப்படுத்த விதி செய்யும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருக்கிறது. நீர்க்காகத்துக்கும் கொக்குக்கும் சட்டம் தெரியாது. அவற்றுக்காகத் தொட்டியின் மேல் கம்பி வலை போடுகிறார்கள்.

ஏறின மீன் திரும்ப இறங்குமா?

இறங்க வேண்டும், விலாங்கு இறங்காவிட்டால் வம்சமே இல்லை. முதிர்ந்த விலாங்கு மழை ராத்திரியில், வெள்ளத்தோடு இறங்கும். அணையின் மேல் வழிகிற தண்ணீரோடு வந்தால், கீழே ஆழமான தண்ணீரில் விழுந்தால் பிழைக்கும், கான்கிரீட் தளத்தில் விழுந்தால் அடிபடும். ஷட்டரைக் கொஞ்சமாகத் தூக்கி அடிவழியாகப் பீய்ச்சிவிடும்போது மிதந்து வருகிற மீன் குஞ்சுகள் நிறையச் சாகின்றன. முடிந்தால் ஒரு ஷட்டரை நன்றாகத் தூக்குவது, எல்லாவற்றையும் ஒரு சாண் தூக்குவதை விட மேல்.

பெரிய ஏணிக்குப் பணம் இல்லை. சின்னதாக ஏதாவது?

கயிறு. நியூசிலாந்தில் சாலைப் பாலத்துக் குழாய்களின் வாயில் சிப்பி வளர்க்கிற பிசிர்க் கயிற்றைத் தொங்கவிடுகிறார்கள், விலாங்குக் குஞ்சும் இறாலும் அதைப் பிடித்து ஏறுகின்றன. நமக்குத் தேங்காய் நார்க் கயிறு இருக்கிறது. தடியான, பிசிர் பிசிராக உள்ள கயிறு வேண்டும், நைலான் கூடாது. மேல்நுனி தண்ணீர் கசிகிற இடத்தில் கட்டியிருக்க வேண்டும், கயிறு முழுக்க நனைந்திருக்க வேண்டும், கீழ்நுனி தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும். ஓட்டம் இரைகிற நடுப்பகுதியில் வேண்டாம், கரையோரம் போதும். அணைக்கட்டில் கை வைப்பதற்கு முன் நீர்வளத் துறை ஆபீசில் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். நார் மட்கிவிடும், அடுத்த ஐப்பசிக்கு முன் மாற்ற வேண்டும். கட்டின பிறகு பகலில் போய்ப் பார்த்து ஏமாறாதீர்கள். மழை தூறுகிற ராத்திரி, பத்து மணிக்கு மேல், டார்ச்சைக் கயிற்றின் மேல் நேராக அடிக்காமல் பக்கத்தில் அடித்துப் பாருங்கள்.